அளக்கரைத் தெருவின் நடுக்கம்பி

இப்போது எங்கள் அளக்கரைத் தெருவில் ஓடுவது கறுப்பு உறை போட்ட கேபிள், அதில் மின்சாரம் மட்டும்தான் வரும். அதற்கு முன்னால் மூன்றரை வருஷம், தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிப் போகிற இதே தெருவில், பதினோரு கம்பங்களில் வெறும் கம்பி ஓடியது, மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று, அதற்கும் கீழே நியூட்ரல் என்று. அந்த நான்கில் நடுக்கம்பியில் மட்டும் மின்சாரத்தோடு வலியும் வந்தது. ஒரு வீட்டில் ஒருவருக்குப் பல் வலித்தால் அந்தக் கம்பியில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் பல் வலித்தது, ஆளுக்குக் கொஞ்சமாக. ஏன் அப்படி என்று கேட்காதீர்கள். புயலில் பழைய கம்பி அறுந்து புதுக்கம்பி இழுத்தார்கள், நடுவில் ஓர் எஃகு இழையும் அதைச் சுற்றி ஆறு அலுமினிய இழைகளும் முறுக்கிய கம்பி, மின்வாரியத்து ஆட்கள் அதை ராபிட் கண்டக்டர் என்பார்கள், கம்பிக்குக் கம்பி ஒரு மிருகத்தின் பேரை வைத்த புண்ணியவான் யாரோ எங்கள் தெருவுக்கு முயலைக் கொடுத்திருந்தான். இழுத்த நாலாம் நாள் தொடங்கியது. உப்புக்காற்றுதான் காரணம் என்று சிலரும், கம்பி சுற்றி வந்த டிரம் எங்கோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ஆறு மாதம் கிடந்தது என்று சிலரும் சொன்னார்கள், இரண்டையும் நாங்கள் ஒரே மாதிரி நம்பினோம்.

முதலில் வந்தது பிச்சைக்கனி அண்ணாச்சியின் கடைவாய்ப்பல். தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர், சரக்கை நிறுக்கும்போதே ஒரு கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொள்கிற பழக்கம் உள்ளவர், அவருக்குப் பல் சொத்தையானதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆனால் அன்று காலை ஒன்பது மணிக்கு முப்பத்தொரு வீடுகளில் கிழவர் முதல் பள்ளிப்பிள்ளை வரை அத்தனை பேரும் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் தெருவுக்குள் வந்து உட்காருகிற பல் டாக்டரின் வாசலில் தெருவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது, அவர் ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை போங்கள் என்று அனுப்பிவிட்டு, இருபத்தெட்டாவது ஆளாக வந்த அண்ணாச்சிக்கு மட்டும் பல்லைப் பிடுங்கினார், வரிசையில் மிச்சம் நின்றவர்கள் வலி விட்டுப்போய் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்தவன் எங்கள் லைன்மேன் ஆசீர்வாதம். எந்த வீடு எந்தக் கம்பியில் இருக்கிறது என்பது அவனுக்குத் தன் வீட்டுப் பிள்ளைகளின் வயதைப் போல மனப்பாடம். வலித்த வீடெல்லாம் நடுக்கம்பி, வலிக்காத வீடெல்லாம் மேலேயோ கீழேயோ என்று அவன் டீக்கடையில் வைத்துச் சொன்னபோது நாங்கள், அதானே பார்த்தோம் என்பதுபோல் தலையாட்டினோம். மற்ற விதிகளும் மெதுவாகப் பிடிபட்டன. கரண்ட் இருந்தால்தான் வலி போகும் வரும், கரண்ட் போனாலும், வீட்டில் விளக்கு விசிறி எல்லாவற்றையும் அணைத்தாலும் அவரவர் வலி அவரவருக்கே. தெருவுக்குள் எங்கே நின்றாலும் வலிக்கும், தெருமுனை தாண்டினால் விட்டுவிடும். அப்புறம், வீட்டு ஆட்களுக்கு மட்டும் அல்ல, அந்த வீட்டில் கை நனைத்தவர்களுக்கும் வலிக்கும், ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் கணக்குத்தான். ஆசீர்வாதம் அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும்போது சொந்தமாகத் தண்ணீர் பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தான். கம்பத்தின் உச்சியில் நிற்கிறபோது அடுத்தவன் வயிற்றுவலி வந்தால் என்ன ஆவது என்று அவன் கேட்டதில் நியாயம் இருந்தது.

எதற்கும் ஒரு மரியாதை முறை உண்டாகிவிடும் அல்லவா, இதற்கும் உண்டானது. பல் பிடுங்கப் போகிறவர்கள் முதல் நாளே வீடு வீடாக வந்து, நாளைக்குப் பத்து மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அந்த நேரத்தில் யாரும் சவரம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைக்குக் காது குத்தினால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் நடுக்கம்பிக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்தார்கள், குத்துகிற நேரத்தில் தெருவே காதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு அப்புறம் பந்தியில் உட்கார்ந்தது. பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் வீடு எந்தக் கம்பி என்று கேட்டார்கள், காபியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலேயே எழுந்து போனவர்களும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா எங்கள் தெரு ஆள் யார் போனாலும், வலி உன்னுடையதா, ஊருடையதா என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார்.

அண்ணாச்சியின் மனைவி தங்கபுஷ்பத்துக்கு நாற்பது வயதில் இரண்டாவது பிள்ளை பிறந்தது அந்த முதல் வருஷத்தில்தான், ஆட்டோ வருவதற்குள் வீட்டிலேயே பிறந்துவிட்டது. பகல் பதினோரு மணி. தெருவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் நின்ற இடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், அண்ணாச்சி எடைத்தராசைக் கட்டிக்கொண்டு அழுதார், நாற்பது வீட்டில் நூற்றுக்கணக்கான பேர் பங்கு போட்டும் அந்த வலி அவ்வளவு இருந்தது. பிறந்தது பெண், ஜெபராணி என்று பேர் வைத்தார்கள். அதன்பிறகு ஆறேழு மாதம் எங்கள் தெருவில் எந்த ஆம்பிளையும் மனைவியைப் பார்த்து, வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது நாங்கள் ரொம்ப நல்லவர்கள் மாதிரித் தெரிகிறது. இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பெயர் நிலைத்துவிடும், அது பொய்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி உண்டு. அதைத் திருகினால் வீடு மேல்கம்பிக்கோ நடுக்கம்பிக்கோ கீழ்க்கம்பிக்கோ மாறும். சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள், வோல்டேஜ் இல்லாத தெருவில் குடியிருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். சாயங்காலம் மேல்கம்பியில் விளக்கு மங்கினால் ஒருவன் நடுக்கம்பிக்குத் தாவுவான், அவன் வீடு பளிச்சென்று எரிவதைப் பார்த்து அடுத்தவன் தாவுவான், கால் மணி நேரத்தில் தெரு மொத்தமும் நடுக்கம்பியில் தொங்க, அது மங்கிப் போகும்போது முதலில் தாவியவன் ஒன்றும் தெரியாதவனைப் போல மேல்கம்பிக்குத் திரும்பியிருப்பான். இதில் எங்களுக்கு இருபது வருஷப் பழக்கம். அந்தக் கை சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டில் ஒற்றைத் தலைவலி என்று கேள்விப்பட்டதும், நான் ஒருத்தன் போனால் என்ன, மீதி நாற்பது வீடு இருக்கிறதே என்று ஒருவன் சத்தம் இல்லாமல் கைப்பிடியைத் திருகினான். அவன் மட்டும்தான் திருகினான் என்று அவன் நினைத்தான். அப்படித்தான் நாங்கள் ஒவ்வொருவரும் நினைத்தோம். தனக்கு வலி வந்தால் நடுக்கம்பிக்கு வருவது, அடுத்தவனுக்கு வந்தால் மேலேயோ கீழேயோ போவது, மறுநாள் தெருவில் பார்க்கும்போது, அம்மாடி நேத்து என்னா வலி என்று நெற்றியைத் தடவிக்காட்டுவது. வலி வந்தவனுக்கு எப்போதும் பாதி குறைந்தது. நாற்பது வீடு பங்கு போட்டால் ஏன் பாதிதான் குறைகிறது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை, குறைந்ததே போதும் என்று இருந்துவிட்டோம்.

மூன்று வருஷம் கழிந்து மாசி மாதத்தில் விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது. யாருடையது என்று தெரியவில்லை. யாரும் சொல்லிக்கொள்ளவும் வரவில்லை. பல்வலிபோல் ஒரு நாளில் போகிறதாக இல்லை, காலையில் இருந்தது, மத்தியானமும் இருந்தது, மறுநாளும் அங்கேயே இருந்தது. நாங்கள் கைப்பிடியைத் திருகிக்கொண்டு போனோம். எல்லாரும் மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் போனதால் பாரம் தாங்காமல் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போனது, அந்த ஒரு மணி நேரம் வேறு வழி இல்லாமல் நடுக்கம்பிக்கு வந்து மின்விசிறியையும் விலாவலியையும் சேர்த்து அனுபவித்தோம், ஆசீர்வாதம் ஏறிச் சரி செய்ததும் மறுபடி ஓடினோம். வாரத்துக்கு மூன்று தடவை இப்படி நடந்தது. பொறுக்க முடியாமல் பங்குனியில் ஒரு மனு எழுதினோம், கம்பி உப்பில் அரித்துவிட்டது, இழை அறுந்து தொங்குகிறது, உயிருக்கு ஆபத்து, உடனே உறை போட்ட கேபிளாக மாற்றித் தர வேண்டும் என்று. அத்தனையும் உண்மைதான். நாற்பத்தேழு வீட்டிலும் கையெழுத்து வாங்கினோம். நாற்பத்தெட்டாவது வீடு கடைசிக் கம்பத்தடியில் இருக்கிற சீனியம்மாளுடையது, அவ்வளவு தூரம் வெயிலில் நடக்க வேண்டுமே என்று யாரும் போகவில்லை.

சீனியம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருஷம் அளத்தில் உப்பு வாரியவள், புருஷன் இல்லை, பிள்ளை கிடையாது, வாய் கொஞ்சம் நீளம். அவள் வீடு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஒற்றைப் பல்பு வீடு. நடுக்கம்பியிலிருந்து ஒரு வயர் இறங்கி ஒரு சுவிட்ச், அதிலிருந்து பல்பு, அவ்வளவுதான். மீட்டர் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. நடுக்கம்பி சமாச்சாரத்தை அத்தனை தூரம் போய் அவளிடம் சொன்னவரும் கிடையாது.

மனுவுக்குப் பதில் வந்து, கேபிளுக்கு நீளம் எடுக்க ஆசீர்வாதம் சித்திரை மாதம் ஒரு முற்பகலில் டேப்போடு கடைசிக் கம்பம் வரைக்கும் போனான். வீட்டுக்குள் பட்டப்பகலிலும் பல்பு எரிந்தது, ஜன்னல் இல்லாத வீடு. சீனியம்மாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், பாதி ஆளாக இளைத்திருந்தாள்.

"என்னக்கா இப்படி ஆயிட்டீங்க?" என்றான்.

"பெரியாஸ்பத்திரில கல்லீரல்ல கட்டின்னுட்டாவ தம்பி. பிந்திட்டாம். வீட்டுலயே வச்சுப் பாருங்கன்னு அனுப்பிட்டாவ. இங்க வச்சுப் பாக்கதுக்கு யாரு இருக்கா, நானே என்னைப் பாத்துக்கிடுதேன்."

"முன்னாடியே போயிருக்கக் கூடாதாக்கா?"

"எப்படித் தெரியும்? மூணு வருசமா எனக்கு வராத நோவு கெடையாது. ஒரு சமயம் கல்லடைப்பு மாதிரி மூணு நாளு முதுகுல புடிச்சு இழுக்கும், தன்னால விட்டுரும். தலையில ஒரு பக்கம் இடிக்கும், மறுநாளு இருக்காது. பல்லு வலிக்கும் பாத்துக்க, வலிக்கிற இடத்துல எனக்குப் பல்லே கெடையாது. இதும் அப்படித்தான், வந்த மாதிரி போயிரும்னு இருந்துட்டேன்."

ஆசீர்வாதம் டேப்பைச் சுருட்டியபடி நின்றான். அவள் தொடர்ந்து பேசினாள், ஆள் கண்டு நாளாகியிருக்க வேண்டும்.

"பிள்ளையே பெறாத எனக்கு ஒரு நா பிரசவ வலி வந்துச்சு, சொன்னா சிரிப்ப. என்னவோ, அது ஒண்ணு மட்டும் நல்லாருந்துச்சு. இன்னொரு கூத்தக் கேளு. நீ என்னைக்கெல்லாம் டிரான்ஸ்பார்மர்ல ஏறுதியோ அன்னைக்கு ஒரு மணி நேரம் எனக்கு இந்த வலி கொறையும். உன் கைராசின்னு நெனச்சுக்கிடுவேன். தண்ணி குடிக்கியா? வெயில்ல வந்திருக்க."

அவன் பாட்டில் தோளில் தொங்கியது. அதில் தண்ணீரும் இருந்தது. ஆனாலும் அவன், கொடுங்க அக்கா என்று செம்பை வாங்கிக் குடித்தான்.

குடித்து முடிப்பதற்குள் விலாவுக்குக் கீழே யாரோ கடப்பாரையை வைத்து நெம்பியது போல் வந்தது. ஆசீர்வாதம் முழங்காலில் விழுந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தான். இரண்டு தடவை மின்சாரம் அடித்துத் தூக்கி எறியப்பட்டவன், இதற்கு முன்னால் அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று பிறகு எங்களிடம் சொன்னான். எதிரே சீனியம்மாளின் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் அவிழ்ந்தது, மூச்சை நீளமாக இழுத்து விட்டாள்.

"நீ வந்த நேரம் இப்பம் கொஞ்சம் தேவல தம்பி" என்றாள்.

அவன் எழுந்து தெருமுனையைத் தாண்டியிருந்தால் விட்டுப்போயிருக்கும். தாண்டினால் அது எங்கே திரும்பிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சுவரிலேயே சாய்ந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தான், அவள் அதற்குள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தாள்.

நாலரை மணிக்கு டீக்கடையில் அவன் எல்லாவற்றையும் எங்களிடம் சொன்னான். பிச்சைக்கனி அண்ணாச்சிதான் முதலில் கேட்டார், மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

"அப்பம் எனக்குக் கல்லடைப்பு வந்தப்ப, பாதி கொறஞ்சுதே."

"பாதி அந்த அக்காவுக்குப் போயிருக்கு அண்ணாச்சி."

"மூணு நாளும்?"

"மூணு நாளும். நாமெல்லாம் கைப்பிடியத் திருகிட்டுப் போயிட்டோம். அவங்ககிட்டத் திருகுததுக்கு என்ன இருக்கு?"

நாமெல்லாம் என்று அவன் சொன்னது பெருந்தன்மை, அவன் எங்கள் தெருக்காரன்கூட இல்லை. நாங்கள் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஒற்றைத் தலைவலி, எங்கள் மூட்டுவலி, எங்கள் பிள்ளைகளின் காதுவலி எல்லாம் மூன்று வருஷமாகப் போய்ச் சேர்ந்த இடம் அந்த ஒரு பல்பு. அத்தனை வலிக்கு நடுவில் அவளுடைய சொந்த வலி வந்தபோது அவளுக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பக்கத்தில் அண்ணாச்சியின் பலசரக்குக் கடைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் வெளியே வந்தாள்.

"எத்தன நாளைக்காம்?"

"ஒரு மாசம், மிஞ்சிப்போனா ஒண்ணரை" என்றான் ஆசீர்வாதம். "ஆனா கேபிள் வந்துட்டுது. வர்ற புதன்கிழம மாத்தணும்னு ஆர்டர். மாத்திட்டா அம்புட்டும் அவங்களுக்குத்தான்."

"மாத்தக் கூடாது."

"கேட்டது நாமதான மதினி."

"நாமதான் கேட்டோம், நாமதான் வேண்டாங்கோம். எல்லா வீடும் நடுக்கம்பிக்கு வரட்டும்."

அங்கேதான் சிக்கல். உப்பு அரித்த கம்பி, ஏழு இழையில் இரண்டு சில இடங்களில் அறுந்து நின்றது, தெரு முழுப் பாரத்தையும் அதில் ஏற்றினால் சூடாகித் தொய்ந்து அறுந்துவிடும். ஆசீர்வாதம் சிகரெட் அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டான். வீட்டுக்கு ஒரு பல்பு, ஒரு மின்விசிறி. மிக்சி, கிரைண்டர், அயர்ன்பாக்ஸ், தண்ணீர் மோட்டார் எதுவும் கூடாது. டிவி உண்டா என்று ஒருத்தி கேட்டாள், உண்டு என்றான், எதிர்ப்பில் பாதி அங்கேயே அடங்கியது. கைக்குழந்தை இருக்கிற மூன்று வீட்டைக் கீழ்க்கம்பியில் விட்டுவிடுவது என்றும், மற்ற நாற்பத்து நான்கும் நடுவில் என்றும் முடிவானது. எங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும் ஆதலால், அந்த நாற்பத்து நான்கு வீட்டு மீட்டர் பெட்டியிலும் மேல்கம்பிக்கும் கீழ்க்கம்பிக்கும் உரிய பீஸ் கட்டைகளைப் பிடுங்கி ஒரு காலி உப்புச் சாக்கில் போட்டு அண்ணாச்சி கடையில் வைத்துவிட்டோம். இனி யாரும் எந்தப் பக்கம் திருகினாலும் இருட்டுத்தான்.

அன்று சாயங்காலத்திலிருந்து எங்கள் நாற்பத்து நான்கு வீட்டிலும் ஒவ்வொரு ஆளுக்கும் விலாவுக்குக் கீழே ஒரு கோழிமுட்டை அளவு வலி வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தால் தெரியும், குனிந்தால் தெரியும், வேலையில் மூழ்கினால் கொஞ்சம் மறக்கும். பகலிலும் பல்பை அணைக்கவில்லை. சித்திரை வெயில் கொளுத்துகிற பன்னிரண்டு மணிக்கு வாசலுக்கு வாசல் பல்பு எரிந்துகொண்டிருந்த தெருவைப் பார்த்து, உப்பு ஏற்ற வந்த லாரிக்காரர்கள் என்ன திருவிழா என்று கேட்டார்கள்.

புதன்கிழமை கேபிள் டிரம்மோடு மின்வாரிய உதவிப் பொறியாளர், ஏ.இ. மேடம் ஷர்மிளா பானு வந்து இறங்கினார். வேலைக்கு வந்து இரண்டு வருஷம், கண்டிப்பானவர், காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். நாங்கள் சொன்னதைக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "இதை நான் எந்த ரிஜிஸ்தர்ல எழுதுறது?" என்றார். தங்கபுஷ்பம் விவாதம் எதுவும் செய்யாமல், வெயில்ல நிக்கீங்களே, ஒரு வாய் டீ குடிங்க மேடம் என்று தம்ளரை நீட்டினாள். இரண்டாவது மடக்கில் மேடத்தின் கை விலாவுக்குப் போனது. தம்ளரை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இது எத்தனை பேருக்கு?" என்று கேட்டார்.

"நூத்து எழுவத்தாறு பேரு. உங்களோட எழுவத்தேழு" என்றாள் தங்கபுஷ்பம்.

"பிரிச்சதுக்கு அப்புறமா இவ்வளவு?"

மேடம் டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு ஃபைலைக் கேட்டு வாங்கி, கிளாம்ப் இருப்பில் இல்லாத காரணத்தால் பணி ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கிளாம்ப் பெட்டி அவருக்குப் பின்னால் லாரியில்தான் இருந்தது, ஆசீர்வாதம் அதன்மேல் ஒரு சாக்கை எடுத்துப் போட்டான். அறுந்த இழைகளை மட்டும் கட்டிவிட்டுப் போகச் சொன்னார். அதன்பிறகு வாரத்தில் இரண்டு நாள், எங்கள் தெருவில் வேலை இல்லாதபோதும், மேடத்தின் ஜீப் வந்து நிற்கும், ஒரு டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

சீனியம்மாளுக்கு விஷயம் தெரிய இரண்டு நாள்தான் ஆனது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக எழுந்து நின்று தலை சீவியவள், வலி எங்கே போச்சு என்று கேட்டாள், ஆசீர்வாதத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை. கேட்டதும் கம்பை ஊன்றிக்கொண்டு தெரு நடுவுக்கே வந்துவிட்டாள்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க? நான் கேட்டனா? கையேந்துனனா?"

"நீங்க எங்களக் கேட்டா எடுத்தீங்க?" என்றாள் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் இடுப்பில் இருந்த ஜெபராணியை இறக்கி அவள் பக்கம் தள்ளினாள். "இவளுக்கும் நீங்க பட்டிருக்கீங்க. தம்பி சொல்லுச்சு" என்றாள். சீனியம்மாள் பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூக்கு எம்மூக்கு மாதிரி இருக்கு" என்றாள். அந்தப் பொய்யை நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் இல்லை. உப்பளத்துக் கதைகளும் எங்கள் ஒவ்வொருவரின் தாய் தகப்பனைப் பற்றிய வில்லங்கமும் அவளிடம் ஏராளமாக இருந்தன. சின்னப்பிள்ளைய இருக்கிற வீட்டையாவது விடுங்கட்டி என்று தினமும் சண்டை போட்டாள், லீவு விட்ட பிள்ளைகள் பகலெல்லாம் தெருமுனை தாண்டி விளையாடப் போய்விடுகிறார்கள், அங்கே வலிப்பதில்லை, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தோம். முட்டை அளவு வலி நாளாக ஆகத் தேங்காய் அளவு ஆனது. பிச்சைக்கனி அண்ணாச்சி ஒரு கையால் நிறுத்து ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டார். யாரும் அந்தப் பீஸ் கட்டைச் சாக்கைக் கேட்கவில்லை. கேட்க நினைத்தவர்கள் இருந்தார்கள், நானும் ஒரு நாள் நினைத்தேன், கடை வரைக்கும் போய் கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி. ஞாயிறு என்றால் எங்கள் தெருவில் மீன் குழம்பு, எல்லா வீட்டிலும் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பிசைந்த சோறு கையில் இருக்கும்போது விலாவுக்குக் கீழே இருந்தது காணாமல் போனது. குறையவில்லை, போய்விட்டது, உடம்பு காற்று மாதிரி ஆகிவிட்டது. மூச்சு முழுசாக உள்ளே போனது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. அண்ணாந்து பார்த்தோம், பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

நாற்பத்து நான்கு வீட்டிலும் தட்டு அப்படியே கிடக்க நாங்கள் எழுந்து ஓடினோம். செருப்புப் போடவில்லை, கை கழுவவில்லை, வைகாசித் தார்ச்சாலையில் பெண்கள் முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள், மூட்டுவலிக்காரர்கள் ஓடினார்கள், அண்ணாச்சி அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டியபடி அழுதுகொண்டே ஓடினார். இனிமேல் வலிக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அதை நினைத்துத்தான் ஓடினோம்.

முதலில் போய்ச் சேர்ந்தவள் தங்கபுஷ்பம். உள்ளே இருட்டாக இருந்தது. வழக்கமாகக் கூட இருக்கிறவள் குழம்பு ஊற்றி வரத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். சுவரைப் பிடித்து எழுந்து நின்று, வேர்வை ஒழுக, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவிட்சின் மேல் வைத்த விரலை எடுக்காமல் சீனியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். முழு வலியும் அவளிடம் இருந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் அது தெரிந்தது.

"யாரு அணைச்சா?" என்றாள் தங்கபுஷ்பம், மூச்சு வாங்க.

"நாந்தான்." ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நீங்க சாப்புடுத நேரம். ஒரு பத்து நிமிசமாவது வலிக்காம சாப்புடுங்கன்னு."

வாசலில் தெருவே நின்றது. தங்கபுஷ்பத்தின் வலது கையில் மீன் குழம்புச் சோறு ஒட்டியிருந்தது. அவள் இடது கையால் சீனியம்மாளின் விரலை மெதுவாக விலக்கிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

பல்பு எரிந்தது. எங்கள் எல்லாருடைய விலாவிலும் அது திரும்பி வந்து உட்கார்ந்தது, முன்னைவிடக் கனமாக, வாசலில் நின்றவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டோம், அப்பாடா என்று இருந்தது. உள்ளே சீனியம்மாள் சுவரில் சரிந்து உட்கார்ந்து, கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள்.

"எச்சிக் கையோட என்னட்டி நிக்கீங்க எல்லாரும்" என்றாள். "போங்க, போயிச் சாப்புடுங்க."

நாங்கள் போகவில்லை.